யாருக்குப் பதில் சொல்பவர்? ஊவாத் தோட்டங்களில் மருத்துவ ஒழுக்கத்தின் வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவப் பணியாளரின் தொழில் ஒழுக்கம் பற்றிய வரலாறு, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்ற கேள்வியின் வரலாறாகவே அமைந்துள்ளது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னவில் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் தொழிற்சாலை கட்டினார். 1893இல் புகைவண்டி அப்புத்தளையை எட்டியது. இவற்றுக்கெல்லாம் உழைப்பைத் தந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர், லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில், காம்பரா என்ற ஒற்றை அறைக்குள் குடும்பத்தோடு நெருங்கி வாழ்ந்தபோது, வயிற்றோட்டமும் கொக்கிப்புழு நோயும் அவர்களை விட்டு நீங்கவில்லை.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் வரும் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மாண்டது குறித்து எழுந்த கண்டனமும், நோயாளி தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னணியாயின. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து வைத்திய அதிகாரிகளை நியமிக்க அச்சட்டம் வழிசெய்தது. 1912இல் வந்த புதிய சட்டம் துரையின், அதாவது தோட்ட அத்தியட்சரின், கடமைகளை ஒவ்வொன்றாக வரையறுத்தது: லயங்களைச் சுகாதாரமாகப் பேணுதல், தோட்டத்தில் யார் யார் நோயுற்றிருக்கிறார்கள் என்று அறிந்திருத்தல், கடும் நோய்க்கு மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்து அவளை வேலைக்கு அழையாதிருத்தல். நோயாளியைக் காக்கும் பொறுப்பு இவ்வாறு அவரை வேலை வாங்குபவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இந்த முரண்பாடு நாள்தோறும் வெளிப்பட்ட இடம் பிரட்டுக்களம். விடிகாலையில் தொழிலாளரைக் கூட்டி, ஆள் எண்ணி, வேலை பிரித்துக் கொடுப்பதே பிரட்டு. அங்கு வராதவருக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. காய்ச்சலோடு லயத்தில் படுத்திருப்பவர் உண்மையில் நோயாளியா, வேலைக்குக் கள்ளமா என்ற கேள்வி கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மருந்துக்காரரிடம் வந்து நின்றது. அவரோ தோட்டச் சம்பளத்தில், தோட்டம் தந்த வீட்டில் வாழ்ந்த உத்தியோகத்தர். அவர் இரக்கமுள்ளவராக இருந்தாலும், நோயாளியின் நலமும் துரையின் விருப்பமும் மோதும்போது அவரைத் தாங்கிப் பிடிக்கத் தோட்டத்துக்குள் எவரும் இருக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆயினும் நாட்பட்ட நோயென்றால் பலர் மலையிறங்கி மாகாணத் தலைநகரான பதுளைக்குச் செல்ல வேண்டிய நிலை தொடர்கிறது. அவ்வாறு செல்வோருள் சிறுநீரகம் செயலிழந்தோரும் அடங்குவர். பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருக்கோட்டே, காரணம் இன்னதென்று உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பெயர்பெற்ற விவசாயப் பிரதேசமாகும்.

சிறுநீரகம் செயலிழந்தோருக்காக இயந்திரத்தின் வழியாகக் குருதியைச் செலுத்திக் கழிவை அகற்றும் குருதிச் சுத்திகரிப்பு, நாட்பட்ட நோயாளருக்குத் தொடர்ந்து செய்யத்தக்க சிகிச்சையானது 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில்தான். இயந்திரங்கள் போதாமையால் அங்கே பெரும்பாலும் பொதுமக்களைக் கொண்ட ஒரு குழு, விண்ணப்பித்தோரின் தொழில், வருமானம், குடும்பம், தேவாலயத் தொடர்பு முதலியவற்றை எடைபோட்டு உயிர்பிழைக்கத்தக்கவரைத் தெரிந்தெடுத்தது. 1962இல் இச்செய்தி வெளிவந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. உழைப்பின் பயனைக் கொண்டு நோயாளியின் தகுதியை அளக்கும் அந்த வழக்கம் பிரட்டுக்களத்துக்குப் புதியதன்று.

சுத்திகரிப்பு நோயாளி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரமளவில், அதே தாதியரின் கையில் தம்மை ஒப்படைக்கிறார். இதற்குப் பயன்படும் பிஸ்துலா என்பது நாடியையும் நாளத்தையும் கையில் இணைத்து ஊசியேற்ற அமைக்கும் வழி. அந்தக் கையில் குருதி அழுத்தம் பார்ப்பதும் பாரம் தூக்குவதும் ஆகா. கொழுந்து பறித்துக் கூடை சுமந்து பிழைக்கும் பெண்ணுக்கு இந்த விலக்கு பிழைப்பையே மாற்றும் செய்தியாகையால், அதை அவளுக்குத் தமிழில் விளக்குவதும், தனிப்பட்ட விவரங்களை உடன்வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக் கேளாதிருப்பதும், முறை தவறி வந்தவரை ஏசாமல் அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் என்பதையும் ஒரு நாள் கூலி போவதையும் எண்ணிப்பார்ப்பதும் தொழில் ஒழுக்கத்தின் பகுதிகளாகின்றன. தமிழும் அரசகரும மொழியென 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் கூறுவதால், மொழி இங்கு சலுகையன்று, உரிமை. தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்று அறிந்திருக்கும்படி 1912இன் சட்டம் துரையைப் பணித்தது. அந்த நோயாளரின் மொழியையும் வேலையையும் அறிந்திருப்பது இன்று சுத்திகரிப்புப் பிரிவில் பணிபுரிவோரின் கடமையாகும்.