பூட்டு இல்லாமல் கொடுக்கப்பட்ட ஒரு மென்பொருள்



தொழினுட்பப் பாடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு சிறு வரலாறு.

முன்பெல்லாம் ஒரு மின்சுற்றைக் கட்டித்தான் பரீட்சித்தார்கள். பிழைத்தால் பாகத்தைக் கழற்றி மாற்றினார்கள். 1960களில் ஒருங்கிணைந்த சுற்று பரவியதும் அந்த வழி அடைபட்டது. சிலிக்கன் துண்டுக்குள் இருக்கும் திரான்சிற்றரைக் கழற்ற முடியுமா? செய்யுமுன்னரே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொன் ரோரர் என்ற ஆசிரியர், சுற்றுகளைக் கணக்கிடும் நிரலொன்றை எழுதும் வேலையைத் தன் வகுப்பு மாணவர்களிடமே ஒப்படைத்தார். பேராசிரியர் டொனால்ட் பெடர்சனுக்கு அது பிடித்தால் எல்லோரும் பாஸ்! அக்காலத்தில் இத்தகைய நிரல்கள் பல இராணுவப் பணத்தில் உருவானவை. அணுக் கதிர்வீச்சைச் சுற்று தாங்குமா என்று பார்ப்பவை. வியட்நாம் போர் நடந்த நேரம் அது. மாணவர்கள் தமது நிரலின் பெயரிலேயே 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவரான லோரன்ஸ் நேகல் பின்னர் பெடர்சனின் கீழ் ஆய்வைத் தொடர்ந்தார். பெடர்சன் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை: நிரல் எவருடைய பூட்டுக்குள்ளும் இருக்கக் கூடாது, பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். திருத்தி எழுதப்பட்ட அது 'ஸ்பைஸ்' என்ற பெயரில் 1973 இல் கனடாவின் வோட்டர்லூவில் அறிமுகமானது. 1975 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. படித்து வெளியேறிய மாணவர்கள் அதைத் தாம் வேலைக்குச் சேர்ந்த கம்பனிகளுக்கும் கொண்டு போனார்கள்.

அதன் உள்ளே இருப்பது மாயமல்ல. உயர்தரத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் கிர்ச்சோபின் விதிதான். ஒவ்வொரு சந்திக்கும் சமன்பாடு எழுதி, விடையை ஊகித்து, சரிவரும் வரை திரும்பத் திரும்பத் தீர்க்கிறது.

1992 இல் பிரான்சின் கிரெனோபிளில் ஜோன்-பியர் ஷரா என்ற இன்னோர் ஆசிரியர், சுற்றுப் பலகை வரைவதற்கான 'கீகாட்' மென்பொருளைத் தொடங்கினார். அதுவும் இலவசம். 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. 2018 இல் ஸ்பைஸின் வழிவந்த கணிப்பானும் அதற்குள்ளேயே சேர்ந்தது.

ஆகவே பெற்றோரே, 'நம்மிடம் வசதியில்லை' என்று இந்தத் துறையைப் பிள்ளைக்கு மூடிவிடாதீர்கள். பிள்ளைகளே, திருட்டுப் பிரதி தேடி அலையவும் தேவையில்லை. ஹலாலான வழி திறந்தே இருக்கிறது. ஒரு சாதாரண கணினி போதும்.

பயன்தரும் அறிவை விட்டுச் செல்வது ஸதகத்துல் ஜாரியா என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கற்றதைப் பூட்டி வைக்காமல் அடுத்த பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.