தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் பாலவநத்தம் வரும். அதற்கு வடக்கே, காரியாபட்டி வட்டத்தில் இருக்கிறது மல்லாங்கிணறு. கரிசலும் கண்மாயும் ஊருணியுமாக மழையை நம்பிக் கிடக்கிற இந்தப் பக்கத்தை, தமிழில் கலைக்களஞ்சியங்கள் உருவான வரலாற்றோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. பேச வேண்டிய காரணம் பலமாகவே இருக்கிறது. ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னையில் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய அபிதான சிந்தாமணியை அச்சிட ஆளில்லாமல் தவித்தபோது கைகொடுத்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் அவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கமே 1910-ல் அந்த நூலை வெளியிட்டது. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-லேயே வந்துவிட்டது என்றாலும், பரப்பில் சிந்தாமணியே பெரிது. அதில் உள்ள செய்திகளில் பெரும்பகுதி பிறர் நூல்களிலிருந்தும் வழக்காறுகளிலிருந்தும் எடுத்தவை. அதற்காக முதலியாரை யாரும் குறை சொன்னதில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் அவர். பிழை இருந்தால் அவரைத்தான் கேட்க முடியும்.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், உலகப் புத்தகச் சந்தையில் வேறு வகைத் தொகுப்புகள் வந்து குவிந்தன. ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரத்து வி.டி.எம். பதிப்பகத்தின் கிளைகளான ஆல்ஃபாஸ்கிரிப்ட், பீட்டாஸ்கிரிப்ட் ஆகியவை ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை அப்படியே சேர்த்து, பல்லாயிரம் தலைப்புகளை விற்பனைக்கு வைத்தன. முன்னட்டையில் யாருடையதோ ஒரு நிழற்படம், காற்புள்ளிகளால் பிரித்த நீண்ட தலைப்பு, தொகுப்பாசிரியர்களாக மூன்று பெயர்கள். பொருள் அணுவியலாக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு நாட்டின் ரயில் நிலையமாக இருந்தாலும் சரி, ஆல்ஃபாஸ்கிரிப்டின் நூல்களில் திரும்பத் திரும்ப அதே மூவர்: ஃபிரெடரிக் மில்லர், ஆக்னஸ் வாண்டோம், ஜான் மெக்பிரூஸ்டர். மெல்லிய நூல்களுக்கும் பல பத்து டாலர் விலை. இதற்கு முதல் போட வேண்டியதில்லை. கேட்பவர் பணம் கட்டிய பிறகே ஒரு பிரதி அச்சாகும். அதுவரை அந்தப் புத்தகம் கணினியில் ஒரு கோப்பு மட்டுமே. நூலகங்களும் ஆய்வு மாணவர்களும் தலைப்பைப் பார்த்து வாங்கி, பிரித்துப் பார்த்த பிறகு ஏமாந்ததை உணர்ந்தார்கள்.

இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு விற்பதே தவறு என்று இதற்குப் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் குறி தவறியது என்பது என் எண்ணம். 2001-ல் விக்கிப்பீடியா தொடங்கியபோது இருந்த உரிமமும், 2009-ல் அது ஏற்றுக்கொண்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் விற்பனையை அனுமதிக்கின்றன. எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து பீடியாபிரஸ் 2007 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இதே வேலையைச் செய்தது. வாசகர் தனக்கு வேண்டிய கட்டுரைகளைத் தானே பொறுக்கி, வரிசைப்படுத்தி, தலைப்பு வைத்து அச்சிட்டு வாங்கினார். நூலின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பங்களித்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். பெர்ட்டல்ஸ்மன் குழுமம் 2008-ல் ஜெர்மன் விக்கிப்பீடியாவிலிருந்து அதிகம் தேடப்பட்ட 50,000 சொற்களை எடுத்துச் சுருக்கி, ஏறக்குறைய ஆயிரம் பக்கத்தில் ஒரே தொகுதியாக வெளியிட்டது. இவையும் விலைக்கு விற்ற நூல்கள்தாம். ஆனால் ஒன்றில் தேர்ந்தெடுத்தவர் வாசகர், மற்றொன்றில் சுருக்கிச் செம்மை செய்தவர்கள் பதிப்பகத்தார். ஆல்ஃபாஸ்கிரிப்டின் மூவர் எந்தக் கட்டுரையைத் தள்ளினார்கள், எந்த வரியைத் திருத்தினார்கள் என்பதற்கு நூலுக்குள் அடையாளமே கிடையாது.

தொகுத்தவரை நினைவில் வைத்திருப்பது தமிழில் பழைய வழக்கம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணையில் தொகுப்பித்தவன் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. குறுந்தொகையில் தொகுத்தவன் பூரிக்கோ மட்டும் தெரிகிறான். பாடியவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது தொகுத்தவனுக்கு எதற்குத் தனி இடம் என்று ஏடெழுதியவர்கள் கருதவில்லை. தொகுப்பும் ஒரு செயல், அதற்கும் ஒருவர் பொறுப்பு என்பதுதான் அந்தக் குறிப்புகளின் பொருள். ‘விக்கிப்பீடியா கூட்டு உழைப்பு, அங்கே தனி மனிதருக்கு இடமில்லை’ என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். கூட்டு உழைப்பு என்பது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தார் என்று பதிவாகிறது. தவறு என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே திருத்தலாம். அச்சுக்குப் போகும்போது அந்தத் திருத்தும் வாசல் மூடிவிடுகிறது. மூடுகிற இடத்தில் ஒருவர் நின்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மல்லாங்கிணற்றுப் பக்கத்துக்கு இது வெறும் கொள்கைப் பேச்சு கிடையாது. 2003-ல் தொடங்கி, இ. மயூரநாதன் முன்னின்று வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குத் தனித்தனிப் பக்கம் உண்டு. ஊரக வளர்ச்சித் துறையின் தரவுகளைக் கொண்டு தானியங்கி ஒன்று அவற்றை உருவாக்கியது. எல்லாப் பக்கமும் ஒரே அச்சு. எந்தச் சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பில் எத்தனை பேர், பிறகு ஓர் அட்டவணை: குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள் அல்லது குளங்கள், சந்தைகள், சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள். காரியாபட்டி, திருச்சுழி ஒன்றியங்களின் பக்கங்களைப் பொறுக்கி அடுக்கினால் ஒரே நாளில் புத்தகம் தயார். அதில் ஊருணிக்கு எதிரே ஓர் எண் இருக்கும். எது குடிதண்ணீர் ஊருணி, எது மாடு குளிப்பாட்டுவது, எதில் உவர் ஏறிவிட்டது, எதற்கு வரத்துக்கால் அடைபட்டது என்பது இருக்காது. குண்டாற்றில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய் என்று வாழ்கிற ஊர்களுக்கு அந்த எண்ணைவிட முக்கியமான செய்தி இவைதான். தானியங்கியை நான் பழிக்கவில்லை. வெற்றிடத்தில் ஒரு பக்கமாவது திறந்து வைத்தது அதன் நன்மை, உள்ளூரார் யாரும் அதில் சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன்பே அச்சிட்டால் அந்த வெறுமைதான் ஊரின் வரலாறாக அலமாரியில் நிற்கும்.

இயந்திரத் தொகுப்பின் இன்னொரு குறை இந்தப் பகுதியில்தான் தெளிவாகத் தெரிகிறது. விருதுநகர் மாவட்டம் 1985-ல் பிரிந்தது. அதற்கு முன் இந்த ஊர்கள் இராமநாதபுரம் மாவட்டம், 1910-க்கு முன் மதுரை மாவட்டம். ஆகவே 1868-ல் நெல்சன் எழுதிய மதுரைக் கையேட்டிலும், 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியரிலும், 1972-ல் அ. இராமசாமி பதிப்பித்த இராமநாதபுரம் கெசட்டியரிலும் இந்த மண்ணின் செய்திகளைத் தேட வேண்டும். ‘விருதுநகர் மாவட்டம்’ என்ற பகுப்பிலுள்ள கட்டுரைகளை மட்டும் வாரிக் கட்டுகிற மென்பொருளுக்கு இது தெரியாது. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் மல்லாங்கிணற்றுக்காரர்கள் என்பதை அது எடுத்துக்கொள்ளும். அவர்கள் எழுத்தில் இந்தக் கரிசல் எப்படி வந்திருக்கிறது என்பதைச் சொல்லப் படித்த ஒருவர் வேண்டும்.

கைபேசியில் எல்லாம் இருக்கும்போது அச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2015-ல் மைக்கேல் மாண்டிபெர்க் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் 7,473 தொகுதிகளாக அச்சுக்கு ஆயத்தம் செய்து, நியூயார்க் கண்காட்சியில் 106 தொகுதிகளை மட்டும் அச்சிட்டு வைத்தார். அத்தனையும் அச்சிட்டுப் பயனில்லை என்பதை அதுவே காட்டியது. ஆனால் பகுதி வேறு, முழுமை வேறு. பெர்ட்டல்ஸ்மன் போல அதிகம் தேடப்பட்டதை மட்டும் அச்சிட்டால் மல்லாங்கிணறு எந்தக் காலத்திலும் நூலில் ஏறாது. ஒரே ஒரு வாசகர் கேட்டாலும் ஒரு பிரதி அச்சிடும் முறையில் ஏறும். நூறு பிரதி போதும் என்கிற ஊர்க்கூட்டத்துக்கு இந்தத் தொழில்நுட்பம் வரம். தமிழுக்கு அதில் ஒரு தடை இருந்தது: விக்கிப்பீடியாவின் பழைய பிடிஎஃப் கருவி இந்திய எழுத்துகளுக்காகச் செய்யப்படாததால் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. இன்று கிராமத்து அச்சகத்திலும் ஒருங்குறி எழுத்து ஒழுங்காக அச்சாகிறது. அந்தச் சாக்கு இனி செல்லாது.

அச்சில் ஏறிய பிழையைப் பின்னால் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் பாலவநத்தமே சாட்சி. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளை எதுகை மோனைக்காகத் திருத்தி அச்சிட்டார் என்றும், பாண்டித்துரைத் தேவர் அந்தப் பிரதிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தார் என்றும் அவர் வரலாற்றில் சொல்வார்கள். கேட்டவுடன் அச்சாகும் நூலில் அதற்கும் வழியில்லை. வாங்க வாங்கப் புதிது அச்சாகும். இதைவிடப் பெரிய ஆபத்து, விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த நூலையே மேற்கோளாகக் காட்டி மறுபடியும் விக்கிப்பீடியாவில் எழுதுவது. பிழை தனக்குத் தானே சான்றாகிவிடும். அதனால்தான் ஆல்ஃபாஸ்கிரிப்ட் போன்றவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று அங்குள்ள தொகுப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்ல தொகுப்பு வர வேண்டுமானால் பொருள் கையிலேயே இருக்கிறது. நெல்சனும் பிரான்சிஸும் எழுதியவற்றை யாரும் எடுத்தாளலாம். சிங்காரவேலு முதலியார் 1931-ல் மறைந்ததால் அபிதான சிந்தாமணியும் பொதுவுடைமை. ஊராட்சிப் பக்கங்கள் கட்டற்ற உரிமத்தில் திறந்தே கிடக்கின்றன. ஊருணிக்கு எதிரே உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் நிலையையும் எழுத, பள்ளி ஆசிரியர்களும் கண்மாய் மடையைத் திறந்து பழகிய பெரியவர்களும் ஒன்றியம் ஒன்றியமாக உட்கார்ந்தால் போதும். 1972 கெசட்டியர் மட்டும் அரசு வெளியீடு. சட்டப்படி அறுபது ஆண்டு முடிந்து 2033 தொடக்கத்தில்தான் அது முழுமையாகப் பொதுவுக்கு வரும். அதுவரை அதிலுள்ள செய்தியைச் சொந்த நடையில் எழுதி, பக்க எண்ணோடு சான்று காட்ட எந்தத் தடையும் இல்லை.