சீகன்பால்கு கண்ட தமிழகம்: திகைப்பும் தெளிவும்

தாய்நாடு நீங்கி அயல்நாட்டில் வாழப் புகுவார்க்கு முதற்கண் நேர்வது மனத்திகைப்பு. உணவும் மொழியும் வழிபாடும் வேறாதல் கண்டு, தாம் அறியாதனவெல்லாம் இழிந்தன எனக் கருதிவிடுதல் மாந்தர் இயல்பு. அத்திகைப்பு நீங்கும் வகையினையும், நீங்கியபின் நிகழ்வதனையும் அறிதற்குப் பார்த்தலோமேயு சீகன்பால்குவின் தரங்கம்பாடி வாழ்க்கை நல்லதொரு சான்றாகும். அவர்தம் சமயப்பணியும் அச்சுப்பணியும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. ஈண்டு நாம் ஆராயப் புகுவது அவருடைய மனமாற்றம் ஒன்றனையே.

செருமானிய நாட்டவராகிய அவர், தேனிய மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைப்படி, புளுட்சோ என்பாருடன் 1706 சூலைத் திங்களில் தரங்கம்பாடியை அடைந்தார். 'மலபாரியர்' எனத் தாம் வழங்கிய தமிழரை நாகரிகமற்றோராகக் கருதுதல் அந்நாளைய ஐரோப்பியர் வழக்கம். தொடக்கத்தில் தமக்கும் அவ்வெண்ணமே இருந்ததென்றும், தமிழுக்கு இலக்கண வரம்போ தமிழர்க்கு வாழ்வியல் ஒழுங்கோ இருக்குமெனத் தாம் நினைத்ததில்லை என்றும் அவரே பின்னர் ஒளியாது எழுதினார். திகைப்பு ஒருபாற்பட்டதும் அன்று. ஐரோப்பியரின் குடியும் ஒழுக்கக்கேடும் கண்ட தமிழர் அவர்களைப் 'பறங்கியர்' என இகழ்ந்து ஒதுங்கினர்.

இவ்விடைவெளியைக் கடத்தற்கு அவர் மேற்கொண்ட வழி எளியது; ஆயினும் அரியது. முதிய ஆசிரியர் ஒருவரின் திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திற்கே வரவழைத்து, சிறுவரோடு உடனமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பயின்றார். கற்பிக்க வந்தவர் கற்பாராயினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய குறிப்புரைப் பட்டியல் ஒன்றை வகுத்தார்; திருக்குறளும் அதன்கண் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். நூல்களைக் கற்கக் கற்கத் தம் பழைய மதிப்பீடு பிழையென உணர்ந்தார். அதனை வெளிப்பட ஒப்புக்கொண்டமையே அவர்தம் பெருமை என்பது நம் கருத்து.

எனினும் அவரை மிகைபடப் புகழ்தல் ஆராய்ச்சி நெறியன்று. மதமாற்றம் என்னும் நோக்கத்தை அவர் இறுதிவரை கைவிட்டிலர். தமிழர்தம் வழிபாட்டைப் பிழையென்றே கொண்டார். மதித்தலும் மறுத்தலும் ஒருவர் உள்ளத்தே ஒருங்கு நின்றன.

இனி, இரண்டாம் திகைப்பு ஒன்று உண்டு. அஃது அவர் தாய்நாட்டினின்று வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபினை விரித்துரைக்கும் நூலை 1713-இல் எழுதி அவர் செருமனிக்கு விடுத்தார். ஆல்லே நகரில் அப்பணியை நெறிப்படுத்திய பிராங்கே அதனை அச்சிட இசைந்திலர். அச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டோர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பது அவர் கொள்கை. அந்நூல் 1867-இல், 154 ஆண்டுகள் கழித்து, சென்னையிலேதான் அச்சேறியது. தமிழர் சமயம் பற்றி 1711-இல் அவர் எழுதிய மற்றொரு நூல் 1926-இல் ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. நூலாசிரியரோ 1719-இலேயே, தம் முப்பத்தாறாம் அகவையில், தரங்கம்பாடியில் மறைந்தார்.

இவற்றால் பெறப்படுவது யாது? அயல்நாட்டில் எழும் திகைப்பைக் கல்வியால் ஒருவர் போக்கிக்கொள்ளலாம். ஆனால், அவர் கற்றதனை ஏற்க மறுக்கும் தம் நாட்டாரின் திகைப்பு அவர் ஒருவரால் நீங்குவதன்று. அயலகம் சென்று மீளும் நம்மவர் கொணரும் செய்திகளை நாம் எவ்வாறு ஏற்கின்றோம் என எண்ணிப் பார்த்தற்கும் இவ்வரலாறு துணைசெய்யும்.