புகுமுக வகுப்பு: மறைந்துபோன ஓராண்டின் வரலாறு

விருத்தாசலத்தை அடுத்து, வெள்ளாற்றுப் பகுதியில் அமைந்த சாலையோரச் சிற்றூர் கருவேப்பிலங்குறிச்சி. காலை வேளையில் அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், தோளில் பையும் கையில் ஓரிரு குறிப்பேடுகளுமாக விருத்தாசலத்துக் கல்லூரிகளுக்குச் செல்லும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தந்தையர் கரும்பிலும் நெல்லிலும் உழைப்பவர்கள். சிலர் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கூலிக்குச் செல்பவர்கள்.

அத்தகைய பிள்ளைகளுள் ஒருவன் நமக்கு உறவுமுறையில் மருமகனாக வேண்டியவன். கல்லூரியில் முதலாண்டு படிப்பவன். விடுமுறை நாளொன்றில் அவனுடைய வரலாற்றுப் பாடநூலைக் கையிற் கொடுத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். தடங்கலின்றி, குரலேற்ற இறக்கத்தோடு அழகாகவே வாசித்தான். நூலை மூடச் சொல்லி, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டோம். திகைத்தான். பிறகு, "இதிலிருந்து என்ன கேள்வி வரும் மாமா?" என்று நம்மையே கேட்டான். சரி, அது போகட்டும் என்று, "உன் அத்தா வேலை செய்யும் சூளையைப் பற்றிப் பத்து வரி எழுது" என்றோம். "முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் வேண்டுமா மாமா?" என்றான். அரைமணி நேரம் சென்றது. தாளில் 'முன்னுரை' என்ற ஒரு சொல்லும், அதன் கீழே இழுத்த ஒரு கோடுமே இருந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளி சென்று, நல்ல மதிப்பெண்ணும் பெற்று வந்த பிள்ளை அவன். அறிவிற் குறைந்தவன் அல்லன். ஆயின் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? இதனை ஆராயப் புகுந்தபோதுதான் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டென்பது புலனாயிற்று.

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, நாட்டிலுள்ள பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுத்து அனுப்புமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். பல ஆட்சியர்கள் எண்ணிக்கையை அனுப்பியதோடு நின்றார்கள். பெல்லாரி ஆட்சியராக இருந்த காம்பெல் மட்டும் 1823-இல் விரிவானதோர் அறிக்கை வரைந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும், மணலில் எழுதிப் பழகும் சிக்கனத்தையும் அதில் அவர் பாராட்டுகிறார். அடுத்து ஒரு குறையையும் எடுத்துரைக்கிறார். மாணவர் படிப்பவை செய்யுள் நூல்கள். அவற்றின் நடை வழக்கு மொழியினின்றும் வேறுபட்டது. ஆகையால் எழுத்தைக் கூட்டி ஒலிக்க வருகிறதேயன்றிப் பொருள் விளங்குவதில்லை. எல்லாம் நினைவாற்றலின் மேல் நிற்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், நம் வீட்டுத் திண்ணையில் நாம் கண்டதும் அதுவே.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். சட்டாம்பிள்ளை வைத்துப் பாடம் சொல்லும் முறையையும் கைக்கொண்டார். தாயகம் திரும்பி 1797-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளெங்கும் பரவிற்று. நம்மிடமிருந்த நல்லது கப்பலேறிற்று; பொருளறியாது ஒப்புவிக்கும் வழக்கம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

நம் சமுதாயத்திலும் வாசிப்பும் எழுத்தும் வெவ்வேறு வழியில் நடந்தவையே. மக்தபில் ஓதக் கற்ற பிள்ளை குர்ஆன் ஷரீபை முறையாக ஓதி முடிப்பான். அது ஓதுதற்குரிய கல்வி. அதற்குரிய கண்ணியமும் ஒழுங்கும் அதற்கு உண்டு. அந்த அரபெழுத்தையே கொண்டு தமிழை எழுதிய அரபுத்தமிழ் வழியாக நம் பாட்டிமார் மார்க்கச் சட்ட நூல்களையும் மாலைகளையும் வாசித்தறிந்தார்கள். ஆனால் அவர்களுட் பலர், வெளியூரிலிருந்த கணவருக்குக் கடிதம் எழுத வேண்டின் இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுதுவிக்க நேர்ந்தது. நன்றாக வாசித்த கை, எழுதப் பழக்கப்படவில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதவும் தானே வந்துவிடும் என்று நாம் இன்றும் எண்ணிக்கொண்டிருப்பதற்காகவே நினைவூட்டுகிறோம்.

எழுதக் கற்பித்தல் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள்; படியெடுத்தார்கள்; தாம் இயற்றியதை அவர் முன் வைத்துத் திருத்தம் பெற்றார்கள். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் அந்த மாணாக்கர் வரிசையில் வந்தவர். ஆசிரியர் பக்கத்திலேயே இருந்து மாணவன் கையைப் பிடித்து நடத்திய கல்வி அது. பத்துப் பேருக்குச் செய்யலாம். நூறு பேருக்கு எவ்வாறு செய்வது? இந்த வினாவுக்குக் கல்லூரிகள் விடை கூறியிருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. அதன் கல்லூரிகளில் கட்டுரை வரைதல், சுருக்கி வரைதல், பொழிப்புரை எழுதுதல் ஆகிய பயிற்சிகள் வந்தன. வந்தவை ஆங்கிலத்தின் வாயிலாகவே வந்தன. தமிழ் வகுப்பில் செய்யுளும் இலக்கணமும் அரசு செலுத்தின. பள்ளியிறுதிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே இரண்டாண்டு இண்டர்மீடியட் வகுப்பு இருந்ததால் பிள்ளைகள் தட்டுத் தடுமாறியேனும் பழகிக்கொள்ள நேரமிருந்தது. 1930-களின் இறுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிப் பாடம் பரவியது. அது நல்ல மாற்றம். ஆனால் பள்ளி தமிழிலும் கல்லூரி ஆங்கிலத்திலும் நடக்கவே, இடையிலிருந்த பள்ளம் ஆழமாயிற்று.

இந்தப் பள்ளத்தைக் கண்டு சொன்னது ஒரு குழு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மறு ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. இண்டர்மீடியட்டை நீக்கி, பட்டப்படிப்பை மூன்றாண்டாக்க வேண்டும் என்றது. உயர்நிலைப் பள்ளியினின்றும் வருவோருக்கு ஓராண்டுப் புகுமுகப் படிப்பு வேண்டும் என்றது. அந்த ஓராண்டு எதற்கு என்பதற்கு அக்குழு கூறிய காரணம் நம் கவனத்துக்குரியது. ஆங்கிலம் பயிற்றுமொழியாக நீடிக்கும்வரை அதில் தேர்ச்சி தருவதும், கல்லூரியில் படிக்கும் முறையைப் பழக்குவதும் அந்த ஆண்டின் தனிப்பணியாக இருக்க வேண்டும் என்பதே அது. விரிவுரையைக் கேட்டுப் பின்தொடர்வது, கேட்டதைக் குறித்துக்கொள்வது, நூலகத்தில் நூலைத் தேடி வாசிப்பது, வாசித்ததைத் தன் சொல்லில் எழுதுவது ஆகியவை கல்லூரிப் படிப்பின் முறைகள் அல்லவா? இவற்றைக் கற்பிக்க வேண்டும், தாமாக வந்துவிட மாட்டா என்று அரசு அமைத்த குழுவொன்று ஒப்புக்கொண்டு, அதற்கெனக் காலமும் ஒதுக்கச் சொன்னது. நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று.

1956-இல் சென்னை மாநிலத்தில் புகுமுக வகுப்பு வந்தது. நம் சமுதாயத்தின் கல்லூரிகள் பலவும் தோன்றிய காலமும் ஏறக்குறைய அதுவே. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-இல் தொடங்கின. அதிராம்பட்டினத்துக் காதிர் முகைதீன் கல்லூரி 1955-இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இலும் எழுந்தன. தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்கு 1929 முதற்கொண்டே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அருகிருந்தது. கடைக்காரர் மகனும் குத்தகை விவசாயி மகனும் கல்லூரிக்குள் நுழைந்தது இந்தப் புகுமுக வகுப்பின் வழியாகத்தான்.

அவ்வகுப்பில் பயின்ற பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் இரண்டு மாதம் ஆசிரியர் பேசுவது காற்றாகப் போகும். மூன்றாம் மாதம் ஒரு சொல், இரு சொல் பிடிபடும். ஒரு பக்கத்தை மூன்றிலொரு பங்காகச் சுருக்கும் பயிற்சியில் ஓட்டாண்டியாக நின்றவர்கள், எதை விடுவது, எதை வைப்பது என்று எண்ணத் தொடங்கியபோது முதன்முறையாக ஒரு பத்தியை உண்மையாகவே வாசித்தார்களாம். எல்லாருக்கும் இது வாய்த்ததென்று கூறுதற்கில்லை. ஆங்கிலத்தில் தவறி, அந்த ஓராண்டோடு கல்லூரியை விட்டு வெளியேறியவர் பலர். வகுப்புகளில் நெரிசல் மிகுதி. ஓராண்டில் பாதி சேர்க்கையிலும் மறுபாதி தேர்விலும் கழிந்தது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. அதனைப் பொற்காலமாக நாம் இங்கே சோடிக்க விரும்பவில்லை.

இதற்கிடையில் கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960-இல் பட்டப்படிப்பைத் தமிழ்வழியில் நடத்திப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தமிழ்வழி புகுமுக வகுப்புக்கும் வந்தது. 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது. கல்லூரிப் பாடங்களுக்கும் தமிழில் நூல்கள் எழுந்தன. ஆங்கிலமென்னும் மதில் விலகிய இடத்தில் வேறொரு மதில் நிற்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தாய்மொழியில் இருக்கிறதே, இதனை மாணவன் தானே வாசித்துக்கொள்வான் என்று எல்லாரும் இருந்துவிட்டோம். ஆங்கிலத்துக்குச் சுருக்கி வரையும் பயிற்சி உண்டு. தமிழில் வாதத்தைத் தொடர்ந்து வாசிப்பதற்கும், தன் கருத்தைக் கோத்து எழுதுவதற்கும் அதற்கு ஈடான பயிற்சி எங்கே? வீட்டுப் பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தொலைவை, காம்பெல் கண்ட அதே தொலைவை, நாம் அளந்து பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் வினாவிடைக் குறிப்பு நூல்கள் வந்து குடியேறின.

கோத்தாரி குழு (1964–66) வகுத்த வழியில் பத்தும் இரண்டும் மூன்றுமான கல்வியமைப்பு தமிழ்நாட்டில் 1978-இல் நடைமுறைக்கு வந்தது. மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளோடு இணைந்தன. புகுமுக வகுப்பு முடிவுற்றது. கல்லூரி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இது பெரும் உதவி என்பதை மறுப்பவர் யார்? அருகிலுள்ள பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வாய்த்ததால்தான் நம் வீட்டுப் பெண்மக்கள் பலர் கல்லூரி கண்டார்கள்.

ஆயினும் மாற்றத்தின்போது ஒரு கணக்கு விடுபட்டது. புகுமுக வகுப்பின் பாடங்களான இயற்பியலும் வரலாறும் கணிதமும் பள்ளிக்குப் போயின. 'படிக்கும் முறையைப் பழக்குதல்' என்ற அதன் தனிப்பணி எவருடைய பொறுப்புக்கும் போகவில்லை. தொழிற்கல்லூரியின் வாயிலாக மாறிவிட்ட மேல்நிலைப் பள்ளிக்கு மதிப்பெண்ணே மூச்சாயிற்று. அந்த வேலை பள்ளியில் முடிந்துவிட்டது என்று கல்லூரி எண்ணிக்கொண்டது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை செய்வதை வாசகர் சிலர் பார்த்திருக்கலாம். கூழாகக் கரைத்த களியைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரம் களி படிந்து தோலாக இறுகும். மிகுதியைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை வெளிவரும். நூறு ஊற்றினாலும் நூறும் ஒரே முகம். அந்தத் தொழிலுக்கு அதுவே அழகு. நமது மேல்நிலைத் தேர்வின் கட்டுரை விடைகளைத் திருத்திய ஆசிரியர் ஒருவர், ஒரே பள்ளியின் நாற்பது தாள்களில் ஒரே உவமை, ஒரே இடத்தில் ஒரே பிழையோடு வந்ததை நம்மிடம் சிரிக்காமலே சொன்னார்.

கல்லூரிகள் இன்று முதலாண்டின் தொடக்கத்தில் சில நாள் 'இணைப்புப் பாடம்' நடத்துகின்றன. வரவேற்கத்தக்கதே. ஓராண்டிலும் முழுமையாக முடியாத ஒன்று சில நாளில் முடியுமா என்பது நம் ஐயம். வாரத்துக்கு ஒரு மணியேனும், மதிப்பெண் இல்லாமல், ஒரு பக்கம் வாசித்து அரைப்பக்கம் எழுதி, அதனை ஆசிரியர் திருத்திக் கொடுக்க, மாணவன் மறுபடி எழுதும் வகுப்பொன்று ஆண்டு முழுதும் வேண்டும். ஆசிரியருக்கு அது பெருஞ்சுமை என்பதையும் அறிவோம். நாற்பது தாளைத் திருத்துவது நாற்பது விரிவுரையை விடக் கடினம். நம் ஜமாஅத்துகளில் மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

நம் மருமகனிடம் திரும்புவோம். அவனுக்கு நாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறுதோறும் நாளிதழில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். மூடிவைத்துவிட்டு வீட்டுப் பேச்சிலேயே சொல்ல வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். இவ்வளவே. முதல் நான்கு வாரம் வேண்டாவெறுப்பாக வந்தான். ஐந்தாம் வாரம், கூட்டணி பற்றிய தலையங்கம் ஒன்றில் முதலில் சொன்னதற்கும் இறுதியில் சொன்னதற்கும் பொருந்தவில்லையே என்று கேட்டான். நாம் திரும்ப வாசித்துப் பார்த்தோம், பொருந்தவில்லைதான்.

ரமலானுக்கு முந்திய வாரம், கேளாமலே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். தலைப்பு இல்லை, முன்னுரை இல்லை. "சூளையைப் பிரிக்கிற நாளில் அத்தா யாரோடும் பேசமாட்டார்" என்று தொடங்கியது. வெடித்துப்போன சரக்குக்குக் கூலி கிடையாது என்பதையும், சூடு ஆறுமுன் கதவைத் திறந்த ஒருநாள் நேர்ந்ததையும், அன்றிரவு வீட்டில் உலை வைக்கப்படாததையும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். றகர ரகரப் பிழைகள் ஏழிருந்தன. திருத்திக் கொடுத்தோம். மறுவாரம் அதனை மீண்டும் எழுதி வந்தான். பிழை இரண்டாகக் குறைந்திருந்தது, பக்கம் இரண்டாகக் கூடியிருந்தது.