அப்பத்தாவின் பத்திரமும் அத்தையின் காகிதமும்



போன வாரம் கம்பத்தில் பழைய வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டு காகிதங்கள் கிடைத்தன. இரண்டுமே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தவை. ஒன்று நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. ஏன் என்று தேடப் போய்க் கொஞ்சம் சரித்திரமும் சேர்ந்துவிட்டது. பதிவு நீளம்தான். என் வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, 1958-ல் தாத்தா அப்பத்தாவுக்கு எழுதிய செட்டில்மெண்ட் பத்திரம். மதுரை ஜில்லா என்று ஆரம்பிக்கிறது. தேனி மாவட்டம் பிரிந்ததே 1996-ல்தானே. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் முக்கால் ஏக்கர் நஞ்சை. அப்பத்தா மேல் உள்ள பிரியத்தினாலும் வாஞ்சையினாலும் எழுதுவதாக அதில் ஒரு வரி. தாத்தா அப்பத்தாவிடம் பிரியமாக ஒரு வார்த்தை பேசி நாங்கள் பார்த்ததில்லை. சின்ன வயதில் அந்த வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாகப் போடும் வரி அது. ஆனால் அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது.

கைமாறு இல்லாத வாக்குறுதி செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. 25-ஆம் பிரிவு அதற்கு விலக்குத் தருகிறது. நெருங்கிய உறவுக்குள், இயல்பான அன்பு பாசத்தால், எழுதிப் பதிவு செய்தால் செல்லும். தாத்தா இன்னும் ஒரு படி மேலே போய், பிறகு தருகிறேன் என்று சொல்லாமல் நிலத்தை அப்போதே கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுத்தால் அது தானம். பதிவும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருந்து, பெறுகிறவர் ஏற்றுக்கொண்டால் முடிந்தது. பின்னால் சித்தப்பா திராட்சை போட்டுக் கடனில் மூழ்கியபோது அந்த முக்கால் ஏக்கரில் யாரும் கை வைக்க முடியவில்லை.

இரண்டாவது காகிதம் அத்தையுடையது, வருஷம் 1979. மாமா செய்ததை எல்லாம் இங்கே எழுத மனம் வரவில்லை. சாவடியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அத்தை தனியாக இருந்துகொள்வது, மாதம் 100 ரூபாய் தருவது என்று முத்திரைத்தாளில் எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பதிவு செய்யவில்லை. ஏழு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் அத்தையை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காகிதத்தின் முதல் வரியை அவர் இரண்டு தடவை படித்தார். எங்களுக்குள் ஏற்பட்ட மனஸ்தாபத்தினால் என்று இருந்தது. "பதிவு பண்ணியிருந்தாலும் இந்த வரி இடிக்கும் சார்" என்றார். 1900-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த ராஜலக்கி தேவி வழக்கை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதில் புருஷன் தனி வீடும் ஜீவனாம்சமும் தருவதாக எழுதி, முறையாகப் பதிவும் செய்திருந்தார். பத்திரம் முழுக்கச் சண்டையைப் பற்றியே பேசுகிறது, அன்பு பாசம் எங்கே என்று கேட்டு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அன்பாக இருக்கிறவனிடம் எதற்குப் பத்திரம்? அன்பில்லாதவனிடம்தானே எழுதி வாங்க வேண்டியிருக்கிறது! எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வெள்ளைக்காரர்கள் ஊரிலும் இதே கதைதான். பென்னிகுவிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறவர்கள் நாம். அவரைப் போலவே பாசனத் துறைப் பொறியாளர் பால்ஃபர். இலங்கையில் இயக்குநராக இருந்தார். விடுப்பில் மனைவியோடு இங்கிலாந்து போனார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவரை அங்கேயே விட்டுவிட்டு 1916-ல் திரும்பும்போது மாதம் 30 பவுன் தருவதாகச் சொன்னார். பிறகு பிரிந்தே இருப்போம் என்று கடிதம் போட்டார். அந்த அம்மாள் வழக்குப் போட்டுக் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். 1919-ல் மேல்முறையீட்டில் தோற்றார். புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குள் பேசிக்கொள்வது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகாது என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தருகிற வழக்கு.

நம் சென்னை மாகாணம் ஒரு விஷயத்தில் முந்திக்கொண்டது. கணவன் தன் உயிருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பாலிசியை மனைவி மக்கள் நலனுக்கு என்று பாலிசியிலேயே காட்டி எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கான டிரஸ்ட் சொத்து. கணவனின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அது. இந்துக்களுக்கும் இது உண்டா என்ற சந்தேகம் வந்தபோது உண்டு என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதனால்தான் 1923-ல் சட்டத்தைத் திருத்தியபோது மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசி என்றும், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்தது என்றும் எழுதினார்கள். பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதிவிட வேண்டும். நான் எடுத்தபோது படிவம் நிரப்பியவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. வாத்தியார் லட்சணம்!

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார் வக்கீல். அப்போது மாதம் 500 ரூபாய்க்கு மேல் கோர்ட் கொடுக்க முடியாது. அந்த உச்சவரம்பை எடுத்தது 2001-ல்தான். இரண்டு வருஷம் அலைந்து அத்தைக்குக் கிடைத்தது 120 ரூபாய். சாவடியில் பேசியதைவிட 20 ரூபாய் கூட. அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்து, "உன் வீட்டுக்காரிக்குக் கொண்டுபோய்க் கொடுய்யா" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படிப் பழைய பத்திரங்கள் இருக்கும். பெயரை மறைத்துவிட்டு முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் நம் ஊரில் என்னென்ன காரணம் எழுதினார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. தயவுசெய்து லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.