சந்திரநாகூர் ஏன் பிரான்சை வேண்டாம் என்றது?

கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19ஆம் தேதி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு இணையலாம் என்று 7,400க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். பிரெஞ்சு ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றவர்கள் வெறும் 114 பேர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுக்காரர் குடியிருந்த ஊர் அது. அந்த ஊரில் பறந்த பிரெஞ்சுக் கொடி ஆங்கிலேயரின் போலீசிடமிருந்து எத்தனையோ வங்காள இளைஞர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அப்படியிருந்தும் ஊர் இவ்வளவு ஒருமுகமாக அதை இறக்கச் சொன்னது ஏன்? தேசபக்தி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது இந்த ஊரின் கதைக்குப் போதாது. சந்திரநாகூர் மக்கள் பிரெஞ்சு எல்லையை ஒரு மறைவிடமாகத்தான் வைத்திருந்தார்கள், அதைத் தங்கள் அடையாளமாக ஒருநாளும் வரித்துக்கொள்ளவில்லை என்பதே என் வாதம். துரத்தியவன் 1947இல் கப்பலேறியதும் மறைவிடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த எல்லையின் பலம் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். 1731இல் இங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்த துய்ப்ளே வணிகத்தைப் பெருக்கி, ஊரைச் செழிக்கவைத்துவிட்டுத்தான் புதுச்சேரிக்கு ஆளுநராகப் போனார். ஆனால் 1757 மார்ச்சில், பிளாசிப் போருக்கு மூன்று மாதம் முன்பு, ஆங்கிலேயத் தளபதிகள் கிளைவும் வாட்சனும் ஊரிலிருந்த ஓர்லேயான் கோட்டையைத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் அங்கே இருந்ததெல்லாம் ஆங்கிலேயர் விட்டுவைத்ததால்தான். நெப்போலியன் போர்கள் முடிந்து ஊர் திரும்பக் கிடைத்தபோது கோட்டை கட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆண்டுக்கு 300 பெட்டி அபின் ஆங்கிலேயரே தருவதாக ஏற்பாடு. அதற்குமேல் பிரெஞ்சுக்காரர் கையில் எதுவும் இல்லை. ஊரின் பரப்பும் பத்துச் சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. ஆயுதபலமோ பொருளாதார பலமோ அந்த எல்லைக் கோட்டுக்குக் கிடையாது. சட்டப்படி ஆங்கிலேயர் போலீஸ் அதைத் தாண்ட முடியாது, அவ்வளவுதான்.

அந்த ஒன்றை ஊர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் இங்கே வளர்ந்தவர். அலிப்பூர் சிறைக்குள்ளேயே அப்ரூவர் நரேன் கோஸ்வாமியைச் சுட்டுவிட்டு 1908இல் தூக்குமேடை ஏறிய கனாய்லால் தத்தா இந்த ஊரின் துய்ப்ளே கல்லூரி மாணவர். 1910 பிப்ரவரியில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து படகில் வந்து ஊர்க்காரர் மோதிலால் ராயின் வீட்டில் ஒளிந்திருந்தார். பிறகுதான் ‘துய்ப்ளே’ என்ற கப்பலில் ஏறி ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். அங்கே பாரதியார் 1908 முதலே அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் அடைக்கலம் புகுந்திருந்தார். ஆனால் அடைக்கலம் தந்த ஊர், ஆட்சியை நேசித்ததா? 1908 ஏப்ரலிலேயே பிரெஞ்சு மேயர் தார்திவேல் வீட்டின் மீது புரட்சியாளர்கள் குண்டு வீசினார்கள். ஆங்கிலேயர் நினைத்தால் அந்தக் கோடு எவ்வளவு எளிதில் அழியும் என்பதும் 1930 செப்டம்பர் 1ஆம் தேதி தெரிந்தது. கல்கத்தா போலீஸ் கமிஷனர் டெகார்ட், சிட்டகாங் ஆயுதக்கிடங்கைத் தாக்கியவர்கள் பதுங்கியிருந்த வீட்டை இங்கேயே வந்து வளைத்தார். ஜீவன் கோஷால் சுட்டுக்கொல்லப்பட்டார்; கணேஷ் கோஷும் லோக்நாத் பாலும் பிடிபட்டார்கள்.

பிரெஞ்சு ஆட்சி வாக்குரிமையும் நகரசபையும் தந்ததே, பிரிட்டிஷ் இந்தியாவில் அதுகூட எளிதில் கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போய் உட்கார வேண்டிய இடம் புதுச்சேரி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். வங்காளி ஒருவரின் படிப்பு, வேலை, சம்பந்தம், பத்திரிகை எல்லாம் கல்கத்தாவில். ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854இல் ஓடத் தொடங்கிய ரயிலே சந்திரநாகூரில் நின்றுதான் போனது. ஊரின் நல்ல காரியங்களும் ஊர்க்காரர்கள் பணத்தில்தான் நடந்தன. பெண்களுக்குப் பள்ளி நிறுவிய ஹரிஹர் சேட்டுக்கு பிரான்ஸ் தன் உயரிய விருதையே அளித்தது. அதே மனிதர்தான் பின்னர் சுயாட்சி பெற்ற ஊரின் நிர்வாகத்துக்குத் தலைமை ஏற்றார்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. 1941இல் பிரெஞ்சு இந்தியாவோடு ஏற்பட்ட சுங்க உடன்படிக்கையை இந்தியா 1949இல் முறித்துக்கொண்டது. நான்கு புறமும் இந்தியா சூழ்ந்த ஊர் பயந்துதான் வாக்களித்தது என்பார்கள். அந்த நெருக்கடி இருந்தது உண்மை, அதை மறைப்பதில் நேர்மை இல்லை. ஆனால் இணைப்புக் கிளர்ச்சி 1947 ஆகஸ்டிலேயே வெடித்துவிட்டது. அதைத் தணிக்கத்தான் பிரான்ஸ் அந்த ஆண்டு இறுதியில் ஊரை ‘சுதந்திர நகரம்’ என்று அறிவித்துச் சுயாட்சி தந்தது. துய்ப்ளே பெயரிலிருந்த கல்விக்கூடம் 1948இல் கனாய்லால் வித்யாமந்திர் ஆயிற்று. சுங்கச் சாவடி குறுக்கே வருவதற்கு முன்பே ஊர் தன் முடிவைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட்டது.

நிர்வாகம் 1950 மே மாதம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1954 அக்டோபர் 2ஆம் தேதி ஊர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்து ஹூக்ளி மாவட்டத்தில் ஒன்றாயிற்று. பதினாறு நாள் கழித்து புதுச்சேரியின் கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் மற்றப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களிக்க, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரு தனிப் பிரதேசமாக நிலைத்தன. சந்திரநாகூர் அந்தத் தனித்தன்மையை இழந்துவிட்டதே என்று வருந்துபவர்கள் வங்காளிகளின் கார்த்திக மாத ஜகத்தாத்ரி பூஜையின்போது அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பூஜையை பிரெஞ்சுக் கம்பெனியின் திவான் இந்திரநாராயண் சௌத்ரி தொடங்கினார் என்று ஒரு மரபு உண்டு; அது எப்படியிருந்தாலும், அதை வளர்த்தவர்கள் அரிசிக் கடைக்காரர்களும் துணி வியாபாரிகளும். சாவுல்பட்டி, காபடேபட்டி என்று அவர்கள் தெருக்களின் பெயராலேயே இன்றும் பூஜைகள் நடக்கின்றன. யானை மேல் சிங்கம், சிங்கத்தின் மேல் நான்கு கைகளோடு அம்மன்; நெட்டியில் செய்த வெள்ளை நகைகள்; மாடியை முட்டும் உயரம். ஒவ்வொரு பாடாவும் (தெருவட்டாரமும்) வீடு வீடாகச் சந்தா வசூலித்துத் தன் அம்மனைத் தானே எடுத்துக்கட்டுகிறது. தசமி இரவு ஊர்வலத்தில், ஸ்ரீதர் தாஸ் போன்ற உள்ளூர்க் கலைஞர்கள் குட்டிக் குட்டி பல்புகளால் ஓடவும் பறக்கவும் வைத்த ஒளிச்சித்திரங்கள் லாரிகளில் வரும். இன்று கல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தல்களுக்கே விளக்கு இந்த ஊரிலிருந்து போகிறது. இதில் எதையும் நடத்த எந்த ஆளுநரின் அனுமதியும் பாரிஸின் பணமும் தேவைப்பட்டதில்லை.