பிறைத் தொகுதி சொல்லும் பாடம்

புக்கிட் மெர்தாஜாமுக்கு அருகில், தொழிற்சாலைகள் சூழ்ந்த பிறை, 40 இடங்கள் கொண்ட பினாங்கு சட்டமன்றத்தில் ஒரு தொகுதி. பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 2004 தேர்தலில் ம.இ.கா. வென்றது.

2008 மார்ச் 8ஆம் நாள் காற்று திசை மாறியது. ஜ.செ.க.வின் பேராசிரியர் பி. இராமசாமி பிறையை வென்றார். பத்து காவானில் அன்றைய முதலமைச்சர் கோ சூ கூனையும் தோற்கடித்தார். பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சரானார். மலேசிய மாநிலங்களில் துணை முதலமைச்சரான முதல் இந்தியர் அவரே. 2013, 2018 தேர்தல்களிலும் பிறை மக்கள் அவரையே அனுப்பினர்.

2023 ஆகஸ்டு தேர்தலில் கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. சுந்தராஜூ சோமு போட்டியிட்டு வென்றார், ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். துணை முதலமைச்சர் பதவியோ ஜக்டீப் சிங் டியோவுக்குச் சென்றது. இராமசாமி கட்சியை விட்டு விலகி, ‘உரிமை’ கட்சியைத் தொடங்கினார்.

இதில் நமக்கென்ன? யாருக்குப் பதவி என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. நம் கையில் இருப்பது வாக்கு. பிரதிநிதி மாறும்போதெல்லாம் நம் கோரிக்கைகள் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. வீடு, வடிகால், தமிழ்ப்பள்ளி என எது முடிந்தது, எது நிற்கிறது என்று எழுதி வைப்போம். அடுத்து வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்போம்.